லிஃப்ட் போட்ட ஜீப் ராங்ளர் ஜேகே: முன்பக்க 1310 டபுள் கார்டன் ஷாஃப்ட் வாங்கலாமா?

2007 முதல் 2018 வரை வந்த ராங்ளர் ஜேகேக்கு 3 அங்குலமோ அதற்கு மேலோ லிஃப்ட் போட்டால் (சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை உயர்த்தினால்), முதலில் அடிவாங்குவது முன் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் முன்பக்க ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்தான். கம்பெனி ஷாஃப்டில் இருப்பது ரப்பர் பூட் மூடிய ரிசெப்பா ஜாயிண்ட், அதாவது உள்ளே பந்துகள் உருண்டு, கோணத்திலும் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு. கோணம் கூடினால் பூட் உரசிக் கிழியும், க்ரீஸ் தெறிக்கும், ஜாயிண்ட் காய்ந்து உடையும். இந்த வண்டியில் டூ வீல் டிரைவில் ஓடும்போதும் முன் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருப்பதால் தேய்மானத்துக்கு ஓய்வே கிடையாது.

இதற்கு மாற்றாக வாங்க வேண்டியது டிரான்ஸ்ஃபர் கேஸ் (சுழற்சியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) முனையில் டபுள் கார்டனும் (இரண்டு கிராஸ் சேர்ந்த ஜாயிண்ட்) ஆக்சில் முனையில் ஒற்றை கிராஸும் (யூனிவர்சல் ஜாயிண்டின் சிலுவைத் துண்டு) உள்ள 1310 ஷாஃப்ட். 1310, 1330, 1350 என்பவை ஜாயிண்டின் அளவு எண்கள். அதையும் நாம் கொடுக்கும் அளவுக்குச் செய்து தருபவர்களிடம் வாங்குவதே நல்லது. யூட்டா மாநிலம் ஆக்டனில் உள்ள டாம் வுட்ஸ் அப்படிச் செய்து தரும் கடைகளில் ஒன்று. 1350 இன்னும் வலுவானது, ஆனால் உருவத்தில் பெரியது. 2012க்குப் பிந்தைய ஆட்டோமேட்டிக் வண்டிகளில் சைலன்சர் குழாய் ஷாஃப்டை ஒட்டியே போகிறது. தடித்த ஷாஃப்ட் அதில் இடிக்கும்; இடைவெளியை அளக்காமல் 1350 பக்கம் போக வேண்டாம்.

அளவெடுக்கும்போது நான்கு டயரும் சமதரையில் நிற்க வேண்டும். சேஸிஸை ஜாக்கியில் தூக்கி, ஆக்சில் தொங்கும்போது எடுத்த நீளம் உதவாது. வின்ச், பம்பர் எல்லாம் மாட்டி, புது ஸ்பிரிங் கொஞ்சம் ஓடி அமர்ந்த பிறகு அளக்கவும். டேப்பை ஷாஃப்ட் போகும் சரிவிலேயே நேராக இழுத்துப் பிடிக்க வேண்டும். கிராஸ் மெம்பர்மேல் வளைந்தால் அளவு கூடிவிடும்.

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது எங்கிருந்து எங்கே அளப்பது என்பதில்தான். ஜேகேயின் பினியனில் (ஆக்சிலுக்குள் சுழற்சி நுழையும் பல்சக்கரத் தண்டு) கம்பெனி பொருத்தியிருப்பது ஃப்ளேஞ்ச், அதாவது போல்ட் போடும் தட்டு. புது ஷாஃப்டுக்காக அதைக் கழற்றி யோக் (கிராஸை நேரடியாகப் பிடிக்கும் கவட்டை) போடுவதானால், யோக்கில் கிராஸ் கப் (கிராஸின் முனையை மூடும் பேரிங் கிண்ணம்) உட்காரும் மையம் வரை அளக்க வேண்டும். ஃப்ளேஞ்சின் முகம் வரை அளந்துவிட்டு யோக் ஷாஃப்டை ஆர்டர் செய்தால் நீளம் தப்பும். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

பிறகு ஆக்சிலை முழுக்கத் தொங்கவிட்டு ஒரு நீளம், பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே ஏறுவதைத் தடுக்கும் முட்டு) தொடும்வரை அமுக்கி ஒரு நீளம் எடுக்கவும். நிற்கும் நிலையில் ஸ்லிப் ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் நீண்டு சுருங்க உதவும் வழுக்குப் பகுதி) உள்ளே போக ஏறத்தாழ 1 அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும். ஷாஃப்ட் நீளமானால் முட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸின் பேரிங்கை உடைக்கும். குட்டையானால் ஸ்ப்ளைன் கழன்று வரும்.

யோக் வேறு ஆக்சிலில் இருந்து வந்ததா? வெர்னியரால் கிராஸ் அளவை உறுதிசெய்யவும். 1310: அகலம் 3.219 அங்குலம், கப் விட்டம் 1.062. 1330க்குக் கப் அதேதான், அகலம் மட்டும் 3.625. 1350க்கு அகலம் 3.625, கப் 1.188. ஒரே அளவை மட்டும் பார்த்தால் ஏமாறுவது உறுதி.

கோணத்தில் ஓர் எச்சரிக்கை. பின்பக்கம் என்றால் பினியனை ஷாஃப்டை நோக்கித் திருப்பி, 1 முதல் 2 டிகிரி தாழ்வாக வைக்கலாம். முன் ஆக்சிலில் பினியனை உயர்த்தினால் காஸ்டர் (வண்டியை நேராக ஓட வைக்கும் ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறையும், ஸ்டியரிங் அலையும். காஸ்டரைக் காப்பாற்றிக்கொண்டு, பினியன் முனையில் கொஞ்சம் கோணத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் லேசான அதிர்வு வரலாம். இந்த ஷாஃப்டின் உண்மையான குறை இதுதான்.

யோக் மாற்ற பினியன் நட்டைத் தொடும் முன் சுழல் இழுவையை (பினியனைச் சுற்ற எவ்வளவு விசை தேவை என்பதை) இன்ச்-பவுண்டு ரெஞ்சில் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே கிரஷ் ஸ்லீவ் (நட்டை இறுக்கும்போது நசுங்கி பேரிங்கின் இறுக்கத்தை நிர்ணயிக்கும் குழல்) இருப்பதால் இம்பாக்ட் கன்னால் இறுக்கினால் பேரிங் போய்விடும். கிராஸ் கப்பை யோக்கில் பிடிக்கும் ஸ்ட்ராப் போல்ட்டுகளுக்கு 14 முதல் 17 அடி-பவுண்டு போதும். அதற்கு மேல் போனால் கப் நசுங்கி நீடில் பேரிங் இறுகும். டபுள் கார்டனின் நடுப்பந்துக்கான க்ரீஸ் நிப்பிள் உள்ளே ஒளிந்திருக்கும். ஊசி முனை நாசில் இல்லாமல் அங்கே எட்டாது, ஷாஃப்டோடு சேர்த்து அதையும் வாங்கி, ஒவ்வோர் ஆயில் மாற்றத்திலும் க்ரீஸ் அடியுங்கள்.