சிங்கப்பூரில் பிரசவமா, ஊரில் பிரசவமா? குழந்தையின் குடியுரிமைக்கு எது நல்லது?

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். கணவர் சிங்கப்பூர்க் குடிமகன், மனைவிக்கு இந்தியப் பாஸ்போர்ட். வளைகாப்பு முடிந்ததும் பெண் வீட்டார் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ அழைத்துப் போகிறார்கள். குழந்தையின் பாஸ்போர்ட்டைப் பற்றி யாரும் அப்போது பேசுவதில்லை. பேச வேண்டிய நேரம் அதுதான். 36 வாரம் தாண்டிவிட்டால் பெரும்பாலான விமானங்களில் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். மனம் மாறினாலும் திரும்பி வர முடியாது.

இத்தகைய குடும்பத்துக்கு மூன்று வழிகள் உண்டு. இங்கேயே பிரசவம் பார்ப்பது. ஊரில் பெற்றுக்கொண்டு வம்சாவளிக் குடியுரிமைக்கு (பெற்றோர் வழியாக வருவது) பதிவது. குழந்தையை இந்தியக் குடிமகனாகவே வைத்து, பிறகு இங்கே விண்ணப்பிப்பது.

முதல் வழியில் சட்டச் சிக்கலே இல்லை. பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால், சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தை பிறப்பாலேயே குடிமகன். 42 நாளுக்குள் பிறப்பைப் பதிந்தால் போதும். மெடிசேவ் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பணத்தையும் மருத்துவமனைச் செலவுக்கு எடுக்கலாம். திருச்சி ஆஸ்பத்திரியில் அது நடக்காது. மாமியார், மருமகளின் அம்மா என்று பார்த்துக்கொள்ள யார் வரப்போகிறார்கள் என்பதுதான் இங்கே தலைவலி. ஊரிலிருந்து வரும் அம்மாவின் வருகை அனுமதி, பிரசவத் தேதியைப் பார்த்து நீள்வதில்லை.

இரண்டாவது வழியில்தான் பலர் இடறுகிறார்கள். ‘அப்பா பிங்க் ஐசி (குடிமகனின் அடையாள அட்டை) வைத்திருக்கிறார், குழந்தை எங்கே பிறந்தால் என்ன?’ என்று நினைக்கிறார்கள். அந்த பிங்க் ஐசி எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 122ஆம் பிரிவு, வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் வழியாகக் குடியுரிமை தருகிறது. 2004 மே 15க்கு முன்பு பிறந்த குழந்தைக்கு அது அப்பா வழியாக மட்டுமே வரும். அதற்குப் பிறகு அம்மா வழியாகவும் வருகிறது. ஓராண்டுக்குள் பதிய வேண்டும், தாமதமானால் அரசு தனியாக அனுமதி தர வேண்டும். இதுவரை எளிதுதான்.

அப்பா இங்கேயே பிறந்த குடிமகன் என்றால் குழந்தை ஊரில் பிறந்தாலும் வம்சாவளிக் குடியுரிமை கிடைக்கும். ஆனால் அவர் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்து, நிரந்தரவாசியாகி, பிறகு குடியுரிமை பெற்றவர் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அவர் பதிவுவழிக் குடிமகன். அவர் குழந்தை தான் பிறந்த நாட்டின் குடியுரிமையை அங்கே பிறந்த காரணத்தால் பெறுமானால், சிங்கப்பூர் வம்சாவளிக் குடியுரிமை கிடையாது. இந்தியச் சட்டமோ, 2004 டிசம்பர் 3 முதல் அங்கே பிறக்கும் குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் அல்ல என்றால், பிறப்பாலேயே குடியுரிமை தருகிறது. அதாவது அம்மாவின் இந்தியப் பாஸ்போர்ட்டும் அப்பாவின் பதிவுவழிக் குடியுரிமையும் சேர்ந்து, திருச்சியில் பிறந்த குழந்தைக்கு இந்த வழியையே அடைத்துவிடுகின்றன. அம்மாவும் சிங்கப்பூர்க் குடிமகளாகியிருந்தால் இந்த முட்டுக்கட்டை இல்லை. அந்தக் குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை பிறப்பால் வராது.

ஆகவே கணவர் பதிவுவழிக் குடிமகன், மனைவி இந்தியர் என்றால் என் கருத்து ஒன்றுதான்: இங்கேயே பெற்றுக்கொள்ளுங்கள். தாய்வீட்டுச் சீராட்டைக் குழந்தை பிறந்த பிறகு மூன்று மாதம் போய் அனுபவிக்கலாம், சட்டம் தடுக்காது.

இங்கே பிறந்த குடிமகன் ஊர்ப் பிரசவத்துக்குத் துணிந்து சம்மதிக்கலாம், காகிதங்களில் கவனம் இருந்தால். தமிழ்நாட்டில் பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அப்பாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, திருமணச் சான்றிதழில் இன்னொரு மாதிரி இருந்தால் அலைச்சல்தான்; இனிஷியல் விரிப்பதில் நம்மவர்கள் செய்யும் குளறுபடி உலகப் பிரசித்தம். அப்புறம், சிங்கப்பூரின் சிவப்புப் பாஸ்போர்ட்டுடன் கிளம்பும் பச்சைக் குழந்தைக்கு இந்திய விசா முத்திரை இருக்காது. வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதி வாங்காமல் விமான நிலையத்துக்குப் போகாதீர்கள்.

இங்கே பிறந்த பிள்ளைக்கும் வம்சாவளிப் பிள்ளைக்கும் பள்ளியிலோ அரசு தரும் குழந்தை போனஸிலோ வேறுபாடு இல்லை (2023 பிப்ரவரி 14 முதல் பிறந்தவர்களுக்கு முதல் இரு பிள்ளைகளென்றால் தலா 11,000 சிங்கப்பூர் டாலர்). வேறுபாடு பின்னால் வருகிறது. வம்சாவளிக் குடிமகன் 21 வயது முடிந்த ஓராண்டுக்குள் விசுவாச உறுதிமொழி எடுத்து, வேறு குடியுரிமை இருந்தால் துறக்க வேண்டும். இல்லையெனில் 22 வயதில் குடியுரிமை போய்விடும். அவருக்கு வெளிநாட்டில் பிள்ளை பிறந்து வம்சாவளிக் குடியுரிமை கேட்டால், பிள்ளை பிறக்கும் முன் அவர் மொத்தம் ஐந்தாண்டு, அல்லது கடைசி ஐந்தாண்டில் இரண்டாண்டு சிங்கப்பூரில் வாழ்ந்திருக்க வேண்டும்.

மகன் என்றால் தேசிய சேவை, அதாவது ராணுவம் போன்ற படைகளில் கட்டாயப் பணி. 21இல் உறுதிமொழி எடுக்காமல் நழுவிவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. சரி, ஆனால் சேவைக்கான பதிவு பதினாறரை வயதிலேயே வருகிறது, சேர்ப்பு 18இல். 13 வயதிலிருந்தே வெளிநாட்டில் நீண்ட நாள் தங்க வெளியேறும் அனுமதி வேண்டும். அந்தக் கணக்கு பலிக்காது.

மூன்றாவது வழியில் குழந்தை இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கே வரும், நீண்டகால வருகை அனுமதியிலோ நிரந்தரவாசியாகவோ. பிறகு குழந்தைக்காகப் பெற்றோர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கிடைப்பதும் கிடைக்காததும் அரசின் முடிவு. வம்சாவளிப் பதிவில் இருக்கும் உறுதி இங்கே இல்லை. வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணமும் எகிறும், ஆரம்பப் பள்ளியில் இடமும் கடைசியில்தான். சில ஆண்டுகளில் ஊர் திரும்பப்போவது நிச்சயம் என்ற குடும்பத்துக்கு மட்டும் இது சரிப்படும். இரண்டாவது வழி அடைபட்ட பிறகு இதில் வந்து சேர்ந்தவர்களே அதிகம் என்பது வேறு விஷயம்.

முதல் இரண்டு வழிகளில் ‘ஊர்த் தொடர்பு அறுந்துபோகுமே’ என்று தாத்தாக்கள் கவலைப்படுவார்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆனால் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) எடுத்தால் வாழ்நாள் முழுக்க விசா இல்லாமல் போய்வரலாம். வாக்குரிமை இல்லை, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. தாத்தாவின் வயல் வாரிசாக வந்தால் அதற்குத் தடையில்லை.