வீட்டுக் கடனோடு தலையில் கட்டும் காப்பீடு: வாங்கலாமா?

வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் நாளில், கட்டுக் காகிதங்களுக்கு நடுவே ஒரு காப்பீட்டுப் படிவமும் வரும். எஸ்.பி.ஐ. லைஃபின் 'ரின் ரக்‌ஷா' போல ஏறக்குறைய எல்லா வங்கிகளிடமும் ஒன்று உண்டு. கடன்காரர் இறந்துவிட்டால் மீதிக் கடனைக் காப்பீட்டு நிறுவனம் அடைக்கும், வீடு குடும்பத்தோடு இருக்கும். திட்டம் நல்லதுதான், விற்கிற விதத்தில்தான் வில்லங்கம்.

பெரும்பாலும் பிரீமியம் ஒரே தவணை. "கையிலேர்ந்து எதுவும் தர வேணாம் சார், லோன்லயே சேர்த்துடலாம்" என்பார்கள். சேர்த்தால் அதற்கும் வட்டி ஓடும். 8.5% வட்டியில் 20 வருடக் கடனோடு 1 லட்ச ரூபாய் பிரீமியத்தை ஏற்றினால் இ.எம்.ஐ. மாதம் சுமார் 868 ரூபாய் கூடும். 240 மாதம் முடியும்போது அந்த 1 லட்சத்துக்கு 2.08 லட்சம் கட்டியிருப்பீர்கள். இது வங்கி தன் கடன்காரர்களைச் சேர்த்து எடுக்கும் குழுக் காப்பீடு என்பதால் 18% ஜி.எஸ்.டி. வேறு. தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி இல்லை.

பலர் பார்க்காமல் விடுவது, காப்பீட்டுச் சான்றிதழின் பின்னால் இருக்கும் அட்டவணை. காப்பீட்டுத் தொகை வருடா வருடம் எவ்வளவு குறையும் என்று அதில் முதல் நாளே அச்சாகிவிடும். ஆனால் கடன் வட்டி மாறக்கூடியது. 40 லட்சம், 8.5%, 20 வருடம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 34,713, பத்து வருடம் கழித்து அட்டவணைப்படி பாக்கி ஏறக்குறைய 28 லட்சம். ஆரம்பத்திலேயே வட்டி 9.5% ஆகி, இ.எம்.ஐ.யை ஏற்றாமல் காலத்தை வங்கி நீட்டியிருந்தால், அதே நாளில் உண்மையான பாக்கி 33.9 லட்சத்தைத் தாண்டும். அந்த ஆறு லட்சத்துக்குக் காப்பீடு பொறுப்பில்லை. கட்டாமல் விட்ட தவணைகளுக்கும் அப்படியே.

காப்பீடே இல்லாவிட்டால் கடன் பிள்ளைகள் தலையில் விழுமா? வாரிசுக்கு வந்த சொத்தின் மதிப்புக்கு மேல் பொறுப்பில்லை என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 50வது பிரிவு. வீடு மட்டும் அடமானத்திலேயே நிற்கும். மனைவியோ மகனோ கூட்டுக் கடன்காரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திட்டிருந்தால் கதை வேறு, முழுப் பாக்கிக்கும் அவர்களே பொறுப்பு. அதனால் சம்பாதிப்பவர் இருவர் என்றால் யார் பெயரில், எத்தனை சதவீதத்துக்குக் காப்பீடு என்று சான்றிதழில் பாருங்கள். முதல் பெயர்க்காரருக்கு மட்டும் போட்டுவிட்டு இருவருக்கும் உண்டு என்று நினைத்திருக்கும் குடும்பங்கள் அதிகம்.

உடல்நலம் நன்றாக இருக்கும் முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரர் இதை வாங்க வேண்டிய அவசியமில்லை என்பதே எங்கள் முடிவு. கடன் அளவுக்குத் தனியாக, குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசி ஒன்று எடுங்கள். தொகை குறையாது, கடனை வேறு வங்கிக்கு மாற்றினாலும் கூடவே வரும். திருமணமான ஆண் அதை 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டப்படி எடுத்தால், அவருக்குக் கடன் கொடுத்த வேறு யாரும் அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது. டேர்ம் பாலிசி கிடைக்காத சர்க்கரை நோயாளிக்கும் ஐம்பதைத் தாண்டியவருக்கும் வங்கிக் காப்பீடு உதவும். மருத்துவப் பரிசோதனை இல்லாமலே ஒரு வரம்பு வரை தருவது உண்டு.

ஆனால் அங்கேதான் இன்னொரு குழி. சர்க்கரை, பிரஷர், இதயம் என்று வரிசையாக இருக்கும் கேள்விகளுக்கு விற்பவரே 'இல்லை' என்று டிக் போட்டு நீட்டுவார். முதல் 3 வருடத்துக்குள் மரணம் நேர்ந்து மருத்துவமனைக் கோப்பில் பழைய மாத்திரைச் சீட்டு கிடைத்தால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். 3 வருடம் தாண்டிவிட்டால் காப்பீட்டுச் சட்டத்தின் 45வது பிரிவு காக்கும். டிக்கை நீங்களே போடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், சான்றிதழ் கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கடனை முன்கூட்டியே அடைத்தால், காப்பீட்டை முடித்துக்கொள்ளும்போது திரும்பக் கிடைக்கும் சரண்டர் தொகையைக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது.

மரணம் நேர்ந்தால் இறப்புச் சான்றிதழ், காப்பீட்டுச் சான்றிதழ், இறந்த தேதியில் கடன் பாக்கிக் கணக்கு, சிகிச்சைக் காகிதங்கள், விபத்தென்றால் எஃப்.ஐ.ஆரும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும். பணம் முதலில் வங்கிக்குப் போகும், மிஞ்சியது நாமினிக்கு. இறந்தவரின் சேமிப்புக் கணக்கு முடங்கியதும் இ.எம்.ஐ. பிடிக்க முடியாமல் திரும்பிவிடும். கோரிக்கை முடியும்வரை கூட்டுக் கடன்காரர் கணக்கிலிருந்து கட்டி, பின்னர் திருப்பிக் கேளுங்கள். விசாரணை தேவையில்லாத கோரிக்கையை 15 நாளில், தேவைப்பட்டால் 45 நாளில் முடிக்க வேண்டும். இழுத்தடித்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார். 30 நாளில் பதிலில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். 50 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் வங்கி பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி இது.