ஒரே பழைய கேம், மூன்று கம்ப்யூட்டர்கள், மூன்று க்ராஷ்கள்

2003இல் வெளிவந்த ஒரு ஸ்ட்ராட்டஜி கேமை இன்றும் வாரத்தில் இரண்டு நாளாவது விளையாடுகிறேன். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக்காக எழுதப்பட்டது. அதற்குப் பிறகு நான் மூன்று கம்ப்யூட்டர் மாற்றிவிட்டேன். மூன்றிலும் ஒருமுறை அது திறக்காமல் போயிருக்கிறது. டபுள் கிளிக் செய்தால் திரை ஒரு நொடி கறுக்கும், பிறகு டெஸ்க்டாப் வந்து நிற்கும். எர்ரர் மெசேஜ் எதுவும் வராது. பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தன, காரணம்தான் ஒவ்வொரு முறையும் வேறு.

முதல் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7. ஒரு வருடம் நன்றாக ஓடிய கேம், வேறு எதற்கோ ஒரு கோடெக் பேக் (வீடியோக்களைத் திறக்க உதவும் மென்பொருள் தொகுப்பு) போட்ட மறுநாள் நின்றுபோனது. பதற்றத்தில், பழைய ப்ரோக்ராம்களை ஓடவைக்க விண்டோஸ் தரும் காம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் டிக் செய்தேன், பலனில்லை. கடைசியில் தொடக்க வீடியோ இருந்த ஃபோல்டரை வெளியே நகர்த்தியதும் நேராக மெனு வந்தது. ஆனால் சேவ் கேம் ஒன்றுகூட இல்லை! அழிந்துவிட்டது என்றே நினைத்தேன். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடு என்று நான் வைத்த டிக்தான் காரணம். ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் பழைய கேம் எழுத முயன்றால், விண்டோஸ் அதை விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். அட்மினாக ஓடும்போது அந்தத் திருப்பல் நடக்காது, அதனால் கேம் காலியான இடத்தைப் பார்க்கிறது. டிக்கை எடுத்ததும் எல்லாம் திரும்ப வந்தன. அன்றிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்கிறேன். பழைய கேம்களை ப்ரோக்ராம் ஃபைல்ஸில் வைப்பதும் இல்லை.

இரண்டாவதில் விண்டோஸ் 10. டிஸ்க்கிலிருந்த சேஃப்டிஸ்க் என்ற நகல்தடுப்புப் பாதுகாப்புக்குத் தேவையான டிரைவர் 2015இல் வந்த அந்த விண்டோஸிலேயே கிடையாது. எனவே டிஸ்க் சோதனை இல்லாத டிஜிட்டல் பதிப்பை வாங்கினேன். அப்போதும் அதே கறுப்புத் திரை. இந்த முறை எதையும் தொடாமல் முதலில், பிழைகளை விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்தேன். விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன், சிவப்புக் குறியுள்ள வரி. பழுதான மாட்யூல் டி3டி8.டிஎல்எல், கோடு 0xc0000005. அதாவது கேம் தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தைத் தொட்டிருக்கிறது, அதுவும் திரையில் படம் வரையும் விண்டோஸ் பகுதியான டைரக்ட்3டி 8க்குள் இருக்கும்போது. டிஜிவூடூ2 என்ற கருவி தரும் 32-பிட் டி3டி8.டிஎல்எல்லை கேமின் இஎக்ஸ்இ பக்கத்திலேயே போட்டேன். பழைய டைரக்ட்3டி அழைப்புகளை அது டைரக்ட்3டி 11க்கு மாற்றித் தருகிறது. உடனே ஓடியது. படமும் அகலத் திரையில் இழுபடாமல் 4:3 அளவிலேயே நின்றது.

மூன்றாவதுதான் என்னை மிகவும் பாதித்தது. புதுக் கம்ப்யூட்டரில் யூசர் கணக்கை ஆசையாக என் பெயரில், தமிழிலேயே உருவாக்கியிருந்தேன். டிஜிவூடூ இருந்தும் கேம் திறக்கவில்லை, ஈவன்ட் வியூவரிலும் தெளிவில்லை. ஒரு ப்ரோக்ராம் எந்தெந்த ஃபைலைத் தொடுகிறது என்று காட்டும் ப்ராசஸ் மானிட்டரை ஓடவிட்டு, கேமின் பெயரால் ஃபில்டர் செய்து, கடைசி வரிகளைப் பார்த்தேன். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் அமைப்புகளை எழுதப் போயிருக்கிறது. பாதையில் என் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆறு கேள்விக்குறிகள், எதிரே ‘நேம் இன்வேலிட்’. நாலெழுத்துப் பெயரில் காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்பட்டு ஆறாகியிருந்தன. யூனிகோட் அறியாத பழைய ப்ரோக்ராம்கள் எழுத்துகளைப் படிக்க கோட் பேஜை, அதாவது எந்த எண் எந்த எழுத்து என்ற பட்டியலை, நம்பியிருக்கின்றன. அப்படிப்பட்ட ப்ரோக்ராம்களுக்காக விண்டோஸில் தேர்ந்தெடுக்கக்கூடிய கோட் பேஜ் தமிழுக்கென்று இருந்ததே இல்லை. கணக்கின் காட்சிப் பெயரை மாற்றினால் ஃபோல்டர் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில் இன்னொரு லோக்கல் கணக்கு உருவாக்கி அதில் திறந்தேன், முதல் முயற்சியிலேயே மெனு வந்தது.

இந்த ஏற்பாட்டில் நான்கு வருடமாக ஒரு க்ராஷ் இல்லை. தமிழ்க் கணக்கை நான் நீக்கவில்லை. மற்ற எல்லா வேலையும் அதில்தான், இந்த கேமுக்கு மட்டும் அந்தப் பக்கம் போய்வருகிறேன்.