எக்கனாமிக்ஸ் டிரான்ஸ்ஃபருக்கு அசிஸ்ட் தளம்: எதை நம்பலாம், எங்கே இடறும்

கலிஃபோர்னியாவில் இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) எக்கனாமிக்ஸ் படித்துவிட்டு மூன்றாம் வருடம் யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகம் ஒன்றுக்கு மாற நினைப்பவர், முதல் செமஸ்டருக்குப் பதிவு செய்வதற்கு முன்பே திறந்து பார்க்க வேண்டியது அசிஸ்ட் டாட் ஆர்க். 1985-இல் தொடங்கிய சேவை. கட்டணம் இல்லை, கணக்கும் திறக்க வேண்டாம். எந்தக் கம்யூனிட்டி காலேஜ் பாடத்தை எந்த யூசி வளாகம் அல்லது சிஎஸ்யூ (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) வளாகம் எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்கிறது என்பதற்கு அதிகாரபூர்வப் பதிவு இதுதான். கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) 46 டாலர்தான் கட்டணம், அதனால் தவறான பாடத்தை எடுத்துவிட்டால் பணம் பெரிதாகப் போகாது. காலம் போய்விடும். (எஃப்-1 மாணவர் விசாவில் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு யூனிட் கட்டணம் பல மடங்கு.)

கல்வியாண்டு, உங்கள் காலேஜ், போக நினைக்கும் வளாகம் ஆகிய மூன்றையும் கொடுத்து, மேஜர்வாரியாக (முதன்மைப் பாடவாரியாக) பார்க்கலாம். இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடான உங்கள் காலேஜ் பாடம். பார்க்க எளிது, ஆனால் படிக்கும்போது நிதானம் வேண்டும். யூசி பெர்க்லியின் எக்கான் 1 மைக்ரோவையும் மேக்ரோவையும் ஒரே பாடத்தில் நடத்துகிறது. அதனால் வலப்பக்கம் இரண்டு பாடங்கள் இருக்கும், நடுவில் சிறியதாக 'அண்ட்' என்று ஒரு சொல். அதைக் கவனிக்காமல் ஒன்றை மட்டும் முடித்தால் அந்த வரிசை நிறைவேறாது. அதே இடத்தில் 'ஆர்' என்று இருந்தால் ஒன்று போதும். மொத்தப் பக்கத்திலும் அதிகம் தவறவிடப்படும் எழுத்துகள் இவைதான்.

பாட எண்ணை மட்டும் பார்த்துப் பதிவு செய்யவும் கூடாது. சாண்டா மோனிகா காலேஜில் நீண்ட காலம் எக்கான் 1 மைக்ரோவாகவும் எக்கான் 2 மேக்ரோவாகவும் இருந்தன. டி அன்சாவில் எக்கான் 1 மேக்ரோவாகவும் எக்கான் 2 மைக்ரோவாகவும் இருந்தன. இரண்டு காலேஜில் கலந்து படிப்பவர் எண்ணை நம்பினால் ஒரே பாடத்தை இரண்டு முறை படிப்பார். கம்யூனிட்டி காலேஜ் பாடங்களுக்கு மாநிலம் முழுதும் பொதுவான சி-ஐடி எண்ணில் 201 மைக்ரோ, 202 மேக்ரோ. அதை வைத்துச் சரிபார்ப்பது பாதுகாப்பு.

எக்கனாமிக்ஸ் மாணவர்களின் வேகத்தைத் தீர்மானிப்பது எக்கனாமிக்ஸ் இல்லை, கால்குலஸ். யூசியின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம் மேத் 31ஏ, 31பி-க்கு ஈடானதைக் கேட்கிறது. டேவிஸில் சற்று இலகுவான 16ஏ, 16பி வரிசையே போதும். டேவிஸை மட்டும் மனதில் வைத்துப் படித்தவருக்குக் கடைசி நேரத்தில் லாஸ் ஏஞ்சலஸ் ஆசை வந்தால், மறுபடி முதலிலிருந்து கால்குலஸ். ஆகவே நினைத்திருக்கும் எல்லா வளாகங்களின் பக்கங்களையும் அருகருகே திறந்து, அவற்றில் கடினமானதை எடுப்பதுதான் புத்தி. ஒப்பிட்டுக் காட்டும் வசதி தளத்தில் இல்லை என்பது இந்தச் சேவையின் பெரிய குறை. ஒரு தாளில் ஐந்து வரிசை கோடு போட்டு நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

கால்குலஸை ஒரே காலேஜில் முடியுங்கள். டி அன்சா, ஃபுட்ஹில் போன்ற குவார்ட்டர் (செமஸ்டரைவிடக் குறுகிய பருவம்) காலேஜ்கள் அதைச் சிறு துண்டுகளாகப் பிரித்து நடத்துகின்றன. முதல் குவார்ட்டரை அங்கே முடித்துவிட்டு செமஸ்டர் காலேஜில் இரண்டாம் பாகத்துக்குப் போனால், அந்த செமஸ்டர் காலேஜ் முதல் பாகத்திலேயே முடித்துவிட்ட தொகையீட்டின் தொடக்கம் உங்களுக்கு விட்டுப்போயிருக்கும். அசிஸ்டும் பெரும்பாலும் முழுத் தொடரைச் சேர்த்தே ஈடாகக் காட்டும், பாதித் தொடருக்கு வரிசை இருக்காது.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வரிசையில் 'நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்' என்று வந்தால் பதற வேண்டாம். உங்கள் காலேஜில் ஈடான பாடம் இல்லை, அவ்வளவே. பக்கத்துக் காலேஜில் இருந்தால் அங்கே எடுக்கலாம். இல்லையென்றால் மாறிய பிறகு எடுக்கலாம். லாஸ் ஏஞ்சலஸின் எக்கான் 11, சாண்டா பார்பராவின் 10ஏ போன்ற இடைநிலை மைக்ரோவும் பொதுவாக அந்த வளாகத்துக்குப் போய்ப் படிப்பதுதான்.

தளம் சொல்லாதது, எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்ற வரிசைக்கிரமம். யூசி விண்ணப்பம் அக்டோபர், நவம்பரில் போகிறது. அப்போது கையில் இருப்பது முந்தைய கோடை வரையிலான கிரேடுகள் மட்டும். முதல் செமஸ்டரில் கால்குலஸ் முதல் பாகமும் மைக்ரோவும், அடுத்ததில் இரண்டாம் பாகமும் மேக்ரோவும், கோடையில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று வைத்தால் மேஜர் பாடங்கள் எல்லாம் கிரேடோடு விண்ணப்பத்தில் ஏறும். கால்குலஸை இரண்டாம் வருடத்துக்குத் தள்ளியவர் விண்ணப்பத்தில் அந்த இடம் காலியாகத் தெரியும். சி கிரேடோ அதற்கு மேலோ வாங்கிய பாடத்தைத் திரும்பப் படித்து மதிப்பெண் ஏற்றவும் வழியில்லை என்பதால், ஒரே செமஸ்டரில் ஐந்து கனமான பாடங்களைத் திணிக்காதீர்கள்.

டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களும் டேக் என்ற உத்தரவாதச் சேர்க்கை தருகின்றன. அதற்கு விண்ணப்ப மாதம் செப்டம்பர். அதன் நிபந்தனைகளை அசிஸ்டில் தேட வேண்டாம், யூசியின் சொந்தப் பக்கத்தில் பாருங்கள். யூசிக்கு மாறக் குறைந்தபட்சத் தகுதி 60 செமஸ்டர் யூனிட், அல்லது 90 குவார்ட்டர் யூனிட்; ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) மாநிலவாசிக்கு 2.4, மற்றவருக்கு 2.8. ஆனால் டேக் தரும் வளாகங்கள் இதைவிட அதிகம் கேட்கின்றன.

கவுன்சிலரிடம் போனால் எக்கனாமிக்ஸில் ஏஏ-டி என்ற டிரான்ஸ்ஃபருக்கான இரண்டு வருடப் பட்டத்தைப் பரிந்துரைப்பது வழக்கம். சிஎஸ்யூவுக்குப் போவதாக இருந்தால் நல்ல வழி. அந்த அமைப்பில் இடம் உறுதி. ஆனால் அந்தப் பட்டத்தின் மையப் பாடங்களில் கால்குலஸ் ஒன்றே ஒன்று, அதுவும் பிசினஸ் கால்குலஸாக இருந்தாலும் போதும். அதை மட்டும் நம்பி யூசிக்கு விண்ணப்பித்தால் இரண்டாம் கால்குலஸ் குறையும். அந்தப் பட்டத்தின் பாடப் பட்டியலோடு அசிஸ்ட் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கவுன்சிலரைப் பாருங்கள்.

தனியார் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இதில் இல்லை. யூஎஸ்சிக்கு (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அதன் தளத்தில்தான் பார்க்க வேண்டும். பாடங்களை ஈடாக ஏற்கும் ஒப்பந்தங்கள் கல்வியாண்டுக்குக் கல்வியாண்டு மாறுவதால், பாடம் எடுத்த ஆண்டின் பக்கத்தை பிடிஎஃப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளிமாநிலத்திலோ தனியார் காலேஜிலோ படித்த பாடம் இருந்தால் அதற்கு அசிஸ்டில் வரிசையே இருக்காது. மாறிய பிறகு துறை அலுவலகம் கேட்கும்போது காட்ட, அந்தப் பாடத்தின் சிலபஸ் வேண்டும்.