நீல ஸ்லெட்டும் பழைய அட்டைப்பெட்டியும்

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு கடையில் 25 டொலர் கொடுத்து, மகளுக்கு இந்த பிளாஸ்டிக் ஸ்லெட்டை, அதாவது பனி மேட்டில் உட்கார்ந்து சறுக்கும் பலகையை, வாங்கினேன். நாலடி நீளம். ஒரு பெரிய ஆளும் ஒரு சின்ன ஆளும் நெருக்கி இருக்கலாம். ரிவர்டேல் பூங்கா மேட்டில் விட்டுப் பார்த்தோம். வேகத்துக்குக் குறைவில்லை, நேராகத்தான் போகிறது. திருப்புவதுதான் கஷ்டம், காலை ஊன்றினால் பனி முழுக்க முகத்தில் அடிக்கும். மகளுக்கு அதுதான் பிடித்தது.

கயிறு சரியில்லை. இரண்டாம் நாளே முடிச்சு அவிழ்ந்து, ஸ்லெட் எங்களை விட்டுவிட்டுத் தனியே இறங்கிப் போனது. பழைய சப்பாத்து நாடாவைக் கட்டியிருக்கிறேன்.

ஆனால் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 1999 ஜனவரியில் ரொறன்ரோவில் ஒரு மீற்றருக்கு மேல் பனி கொட்டி, மேயர் இராணுவத்தையே கூப்பிட்டபோது எனக்கு ஒன்பது வயது. என் ஸ்லெட், குப்பைப் பை சுற்றிய அட்டைப்பெட்டி. நாலு தரம் சறுக்கினால் ஊறிக் கிழியும். இங்கே பால் பையிலும் வரும், சின்னப் பால் பைகளை ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு விற்பார்கள். அந்த வெளிப்பையைக் கழுவி, காலுறைக்கு மேல் மாட்டி, அப்புறம்தான் அம்மா சப்பாத்துப் போட விடுவார். நடக்கும்போது சரசரக்கும். பள்ளிக்கூடத்தில் கழற்ற வெட்கமாக இருக்கும், ஆனால் கால் நனையாது.

சரி, ஸ்லெட்டை வாங்கலாம். மேட்டைப் பார்த்துப் போங்கள்: 2024இல் மாநகராட்சி 45 மேடுகளில் சறுக்கத் தடை போட்டது. கயிறு வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.