கேசட்டைத் திருப்பிப் போடும் நாகமிச்சி டெக்: வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பழைய ஆடியோ செட் தேடி அலைகிறவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். போன மாதம் 78,000 ரூபாய் கொடுத்து நாகமிச்சி கம்பெனியின் ஆர்எக்ஸ்-505 என்ற பழைய கேசட் டெக் (கேசட் பாட வைக்கும் பெட்டி) ஒன்று வாங்கினேன். எங்கள் அப்பா குடம் அடித்த வில்லுப்பாட்டு கேசட்டை அது தின்றுவிட்டது.

1980-களில் ஜப்பானில் செய்த டெக் அது. கேசட்டைத் தொடாமலே மறுபக்கத்தையும் பாடும் சாதாரண ஆட்டோ ரிவர்ஸில் டேப் எதிர்த்திசையில் ஓடும்போது, சத்தத்தைப் படிக்கிற ஹெட் டேப்பின் மேல் உட்காரும் கோணம் மயிரிழை மாறினால்கூட மேல்ஸ்தாயி மங்கிவிடும். நாகமிச்சிக்காரர்கள் அதற்குக் கண்ட வழி வேறு. கேசட்டையே வெளியே தள்ளி, நாம் கையால் திருப்புவதைப் போலத் திருப்பி, மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். டேப் எப்போதும் ஒரே திசையில்தான் ஓடும். வில்லில் கட்டிய மணிகளின் கிணுகிணுப்பு இரண்டு பக்கத்திலும் கேட்க வேண்டும், அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்றுதான் நான் இதைத் தேடினேன்.

விற்றவர் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். "பெல்ட்டும் ரப்பரும் எல்லாம் புதுசு போட்டாச்சாக்கும் அண்ணே, கண்ண மூடிட்டு கொண்டு போலாம்" என்றார். ஒரு கேசட்டைப் போட்டு ரெண்டு நிமிஷம் பாட விட்டார், பொத்தானை அழுத்தினார், அது வெளியே வந்து திரும்பி உள்ளே போயிற்று. மறுபடி ரெண்டு நிமிஷம், மறுபடி திருப்பல். அந்த அழகைப் பார்த்து நான் மயங்கி நின்றேன். டேப் ஒரு தடவைகூடக் கடைசி வரை போகாமல், பாதியிலேயே இருந்ததைக் கவனிக்கவே இல்லை.

அதில்தான் சூட்சுமம் இருந்தது. டேப் முடியப் போகும்போது எடுத்துச் சுற்றும் பக்கம் கனத்துவிடும். அதைச் சுற்ற, சக்கரத்தைத் தள்ளி ஓட்டும் ஐட்லர் ரப்பருக்கு நல்ல பிடிப்பு வேண்டும். பிடிப்பு போன ரப்பர் ஆரம்பத்திலும் நடுவிலும் சமாளித்து ஓடும், கடைசி அஞ்சு நிமிஷத்தில்தான் வழுக்கும். எத்தனை தடவை திருப்பினாலும் பாதியில் நிற்கிற கேசட்டில் அது தெரியவே தெரியாது.

வீட்டில் முதல் பக்கம் முடிய நாலு நிமிஷம் இருக்கையில் சத்தம் இழுத்தது. நான் நிறுத்துவதற்குள் டேப்பை இழுத்து ஓட்டும் கேப்ஸ்டன் என்ற கம்பியில் டேப் சுற்றிக்கொண்டது. 1988 முத்தாரம்மன் கோயில் கொடை விழாவில் எடுத்த பதிவு. அப்பா தனியாகக் குடம் அடிக்கும் இடம் அது. கசங்கிச் சுருங்கி, ஒரு சாண் நீளம் அறுந்தே போயிற்று. அப்பா இப்போது இல்லை. வேறு நகலும் இல்லை.

கோட்டாறில் ஒரு பழைய மெக்கானிக் திறந்து பார்த்தார். "மக்கா, இது கம்பெனியில போட்ட ரப்பராக்கும். உப்புத்தாள் வெச்சி தேச்சி விட்டிருக்கான், நாலு நாள் பிடிக்கும், பொறவு இப்படித்தான்" என்றார். ஹெட்டிலும் விரல் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம். விற்றவரைக் கூப்பிட்டேன். "பழைய சாதனம்னா அப்படித்தான் இருக்கும்" என்றார். அடுத்த நாளிலிருந்து என் நம்பரை எடுப்பதில்லை. பில் தரவில்லை. ஜிபே ரசீதும் அவர் அனுப்பிய குரல் செய்திகளும் இருக்கின்றன. அவற்றை வைத்து நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன்.

இப்படி ஒரு டெக் வாங்கப் போனால் உங்களிடமிருக்கும் வேண்டாத 90 நிமிஷ கேசட் ஒன்றைக் கொண்டு போங்கள். ஒரு பக்கத்துக்கு 45 நிமிஷம். கடைசி வரை ஓட விடுங்கள், அதுவாகத் திரும்பி மறுபக்கமும் முடியட்டும். ஒன்றரை மணி நேரம் உட்கார விடாதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். ரப்பர் மாற்றியதாகச் சொன்னால் கழற்றிய பழைய ரப்பரைக் காட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் 100 வோல்ட் என்று இருந்தால் அது ஜப்பானுக்குச் செய்தது, நம் 230-இல் நேராகச் சொருகிவிடாதீர்கள். அரிய கேசட்டை எந்தப் புது டெக்கிலும் முதல் நாளே போடாதீர்கள். நான் போட்டேன்.

திங்கள்நகர் சுற்றுவட்டாரத்தில் 1988-இல் கொடை வில்லுப்பாட்டை யாராவது டேப்பில் பிடித்து வைத்திருந்தால், அது எவ்வளவு பழுதாக இருந்தாலும் சரி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானே வந்து கேட்டுக்கொள்கிறேன்.