என்கோடரா, சென்சர்லெஸ்ஸா: துவாஸ் ஆலையில் நாங்கள் எடுத்த முடிவு

சிங்கப்பூரின் துவாஸில் நான் பராமரிப்பு பார்க்கும் ஆலையில், கூலிங் டவர் விசிறிகளுக்கு நிரந்தரக் காந்த மோட்டார் போடுவதில் யாருக்கும் தயக்கமில்லை. கட்டுப்பாட்டு முறையில்தான் பேச்சு நீண்டது. மோட்டாரில் காந்தத்தோடு சுழலும் பகுதியான ரோட்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது, மோட்டாருக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தித் தரும் டிரைவுக்குத் தெரிந்தாக வேண்டும். அதைத் தண்டில் பொருத்திய என்கோடர் சொல்லலாம். அல்லது மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் வைத்து டிரைவே கணக்கிடலாம். இரண்டாவதுதான் சென்சர்லெஸ். நான் அதன் பக்கம்.

கேபிள் மிச்சம், செலவு குறைவு என்பதெல்லாம் எல்லாரும் அறிந்தது. எனக்கு முடிவைத் தந்தது என்கோடரை மாற்றும் வேலை. கூலிங் டவரின் ஈரக்காற்றில் அது என்றாவது பழுதாகும். ரோட்டரில் காந்தமில்லாத இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் புதியதை மாட்டிவிட்டு ஓட்டலாம். இங்கே புது என்கோடரின் பூஜ்ஜியத்துக்கும் ரோட்டர் காந்தத்துக்கும் உள்ள கோண வித்தியாசத்தை டிரைவில் மறுபடி பதிய வேண்டும். 8 துருவ மோட்டாரில் 4 துருவ ஜோடிகள்; அதனால் தண்டில் 1 டிகிரி பிசகினால், டிரைவ் கணக்கிடும் மின்கோணத்தில் 4 டிகிரி. தண்டில் 15 டிகிரி என்றால் மின்கோணம் 60. காந்தம் மேற்பரப்பில் உள்ள மோட்டாரில் அதே மின்னோட்டத்துக்குப் பாதி முறுக்குவிசைதான் வரும். 90-ஐத் தாண்டினால் மோட்டார் எதிர்த்திசையில் தள்ளும்; டிரைவ் திருத்தப் பார்க்கப் பார்க்க நிலைமை மோசமாகும். தானாக அளந்துகொள்ளும் டிரைவுகள் உண்டு. ஆனால் அவற்றில் பலவற்றுக்குத் தண்டு தடையின்றிச் சுழல வேண்டும், அதாவது சுமையைக் கழற்ற வேண்டும். நள்ளிரவு ஷிஃப்டில் இருக்கும் இரண்டு பேரிடம் இந்த வேலையைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

சென்சர்லெஸ்ஸின் பலவீனம் குறைந்த வேகம். கோணத்தைக் காட்டிக்கொடுப்பது மோட்டார் சுழலும்போது எழும் எதிர் மின்னழுத்தம். நின்றால் அது பூஜ்ஜியம். ஆகவே தொடக்கத்தில் கோணம் தெரியாமலே இழுத்துக் கிளப்ப வேண்டியிருக்கிறது. விசிறிக்கு அது தொல்லையில்லை, வேகம் குறைவாக இருக்கும்போது சுமையும் சொற்பம்.

பளுதூக்கிக்கு நிச்சயம் என்கோடர்தான், நின்ற நிலையில் பாரத்தைப் பிடித்திருக்க வேண்டுமே. உயர் அதிர்வெண் சிக்னலைச் செலுத்தி, நிற்கும் ரோட்டரின் கோணத்தையும் அறியும் முறை உண்டு. காந்தம் உள்ளே பதித்த ரோட்டருக்கு நன்றாக ஒத்துவரும். அதை நம்பி நான் பாரம் தூக்கியதில்லை, அதனால் பரிந்துரைக்க மாட்டேன்.

விசிறிக்கு வாங்குபவர்கள், ஏற்கெனவே சுழலும் ரோட்டரைப் பிடித்து ஓட்டும் வசதி டிரைவில் இருக்கிறதா என்று கேளுங்கள். காற்று விசிறியைப் பின்னோக்கிக் கூடச் சுழற்றும். அப்படிச் சுழலும்போது மெயின் சுவிட்சை அணைத்திருந்தாலும் மோட்டார் முனைகளில் மின்சாரம் இருக்கும். இறக்கைகளைக் கட்டிய பிறகே டெர்மினல் பெட்டியைத் திறக்க விடுங்கள்.